டியூப்லெஸ் மாட்டினால் பஞ்சர் தொல்லை தீருமா?

பெங்களூரில் அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு வாரத்தில் நான்கு நாள் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன், மாதத்துக்கு இரண்டு பஞ்சராவது ஆகிறது, என் பைக்கில் ஆறு வருஷமாக டியூப்லெஸ் டயர்தான், ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை, சைக்கிளையும் அப்படி மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 35 மில்லிமீட்டர் டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் ஒரு வகை) என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைப் பக்கம் போவதுண்டு என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

பைக்கில் கிடைத்த அந்த நிம்மதி சைக்கிளில் அப்படியே கிடைக்காது. ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலை குறையும், அதற்குப் பதிலாக வீட்டில் சில மாதத்துக்கு ஒரு தடவை செய்யவேண்டிய வேலை ஒன்று வந்து சேரும். சிலருக்கு அது ரொம்பவே லாபமான மாற்றம். காட்டுப் பாதையில் ஓட்டும் என் மலை சைக்கிளில், அதாவது எம்டிபியில், ஏழு வருஷமாக டியூப்லெஸ்தான், இனி அதில் டியூப் போடவே மாட்டேன். ஒல்லி டயர் போட்ட ரோடு சைக்கிளில் இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப டியூபுக்கே வந்துவிட்டேன். ஒரே ஆள், ஒரே ஊர், இரண்டு சைக்கிளுக்கு இரண்டு முடிவு. ஏன் என்று சொன்னால் உங்களுக்கு எது சரிவரும் என்று தெரிந்துவிடும்.

முதலில் பைக் விஷயம். பைக்கின் அலாய் வீல் ஒரே வார்ப்பு, வால்வுக்கான ஓட்டையைத் தவிர அதில் வேறு ஓட்டை கிடையாது. டயர் தடிமன், உள்பக்கம் காற்றைக் கசியவிடாத பியூட்டைல் ரப்பர் படலம் சேர்ந்தே வரும். ஆணி ஏறினாலும் ரப்பர் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், காற்று மெல்லத்தான் இறங்கும், பஞ்சர் கடைக்காரர் ஊசியில் ரப்பர் திரியைக் கோத்துச் சொருகினால் கதை முடிந்தது. சைக்கிள் ரிம்மில் ஸ்போக்குக்காக 28 அல்லது 32 ஓட்டைகள் இருக்கின்றன, அத்தனையையும் ஒரு மெல்லிய டேப்பை இழுத்து ஒட்டி அடைக்க வேண்டும். டயரும் மெல்லிசு, அதுவாகக் காற்றை முழுசாகப் பிடித்து வைக்காது.

1999-இல் மாவிக் கம்பெனி எம்டிபிக்காக யூஎஸ்டி என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. ரிம்மின் உள்பக்கம் ஓட்டையே இல்லாமல், டயரும் கொஞ்சம் தடிமனாக, ஏறக்குறைய பைக் மாதிரியே. அதற்கு உள்ளே எந்தத் திரவமும் ஊற்றத் தேவையில்லை, ஆனால் எடை கூடியது. அப்புறம் ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் போன்றவர்கள் வேறு வழியில் போனார்கள். சாதாரண மெல்லிய டயரையே வைத்து, உள்ளே ரப்பர் பாலை ஊற்றி, கசிகிற இடத்தையெல்லாம் அதுவே அடைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். இன்று கடைகளில் டியூப்லெஸ் ரெடி என்று விற்பதில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான். அதனால் சைக்கிளில் டியூப்லெஸ் என்றால் பாதி டயர், பாதி அந்தப் பால். பால் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் எல்லாம்.

அந்தப் பாலுக்குப் பெயர் சீலன்ட். பல பிராண்டுகளில் அடிப்படைச் சரக்கு, கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிச் சிரட்டை கட்டி எடுக்கிறார்களே, அதே பால்தான். உறையாமல் இருக்க அம்மோனியா, ஓட்டையில் போய்ச் சிக்குவதற்குப் பொடியோ நாரோ கலந்திருப்பார்கள். முள் குத்தினதும் காற்றோடு சேர்ந்து பாலும் வெளியே பீச்சும், வெளிக்காற்று பட்டதும் உறைந்து அடைத்துக்கொள்ளும். நன்றாக வேலை செய்யும் நாளில் இது எவ்வளவு அருமையானது என்று சொல்கிறேன். ஒரு ஞாயிறு காலை ஹொஸ்கோட்டே தாண்டி பழைய மெட்ராஸ் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன், ஆறரை மணி இருக்கும், திடீரென்று காலின் பின்பக்கம் சாரல் அடிக்கிற மாதிரி இருந்தது. மழையே இல்லை. குனிந்து பார்த்தால் சீட் டியூபிலும் கெண்டைக்காலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், பின்டயரிலிருந்து சுற்றுக்கு ஒரு தடவை "ஸ்ஸ்" என்று சத்தம். நிறுத்தி, ஓட்டை இருக்கும் இடம் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிஷம் வைத்திருந்தேன். சத்தம் நின்றது. 75 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருந்தது 45-க்கு இறங்கியிருந்தது, கைப்பம்பில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டேன். டியூபாக இருந்திருந்தால் பதினைந்து நிமிஷம் போயிருக்கும்.

ஆனால் அதிலேயே ஒரு சங்கதி இருக்கிறது, கவனித்தீர்களா? 75-இல் அது அடைபடவில்லை, 45-க்கு இறங்கின பிறகுதான் அடைபட்டது. அழுத்தம் அதிகமாக இருந்தால் பால் உறைவதற்குள் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். எம்டிபி டயரில் 25 பிஎஸ்ஐ, காற்றின் கொள்ளளவும் அதிகம், அங்கே முள் குத்தியதே தெரியாமல் அடைபட்டுவிடும். ஒல்லியான ரோடு டயரில் பாதி நேரம்தான் அப்படி நடக்கும். சீலன்ட் டப்பாவில் ஆறு மில்லிமீட்டர் ஓட்டை வரை அடைக்கும் என்று போட்டிருந்தால், அது அகலமான, குறைந்த அழுத்த டயரை மனதில் வைத்துச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூப்லெஸ்ஸில் எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம் பஞ்சர் அடைபடுவது கூட இல்லை, காற்றைக் குறைத்து ஓட்ட முடிவதுதான். டியூப் போட்ட சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் வேகமாக மோதினால் டயர் நசுங்கி, ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதற்குப் பயந்துதான் காற்றை இறுக்கமாக வைக்கிறோம், இறுக்கமாக வைத்தால் ஊரில் இருக்கிற அத்தனை குண்டும் குழியும் நேராக மணிக்கட்டுக்கு வருகிறது. டியூபே இல்லாவிட்டால் கடிபடவும் ஒன்றும் இல்லை. நான் 78 கிலோ. எம்டிபியில் டியூப் இருந்தபோது 35 பிஎஸ்ஐ, இப்போது பின்னால் 26, முன்னால் 23. யெலஹங்கா பக்கம் அவலஹள்ளி காட்டுப் பாதையில் வேர்களும் கல்லும் மாறி மாறி வரும் இடங்களில் டயர் தரையை அப்படியே பிடித்துக்கொண்டு போகிறது, முன்பு எகிறிக் குதித்த இடத்தில் இப்போது உருண்டு போகிறது. இதை ஒரு முறை அனுபவித்தவர்கள் காட்டுப் பாதைக்கு டியூப் போட்டுப் போகமாட்டார்கள்.

முள் விஷயமும் அங்கேதான். சீமைக் கருவேல முள்ளைச் சொல்ல வேண்டியதில்லை. நெருஞ்சி முள் இருக்கிறதே, அமெரிக்காவில் அதே செடிக்குப் பஞ்சர் கொடி என்றே பெயர், அங்கே அரிசோனா, கலிபோர்னியா பக்கம் சைக்கிள்காரர்கள் டியூப்லெஸ்ஸுக்கு மாறுவதற்கு அது ஒரு பெரிய காரணம். இந்த மாதிரி சின்ன, கூரான, நிறைய எண்ணிக்கையில் குத்துகிற முள்ளுக்கு ரப்பர் பாலைவிட நல்ல மருந்து கிடையாது. ஒரு தடவை என் எம்டிபி டயரைக் கழற்றி உள்பக்கம் தடவிப் பார்த்தபோது பதினோரு முள் நுனி எண்ணினேன். பதினோரு பஞ்சர், ஒன்றுக்குக்கூட நான் நிற்கவில்லை.

சரி, இப்போது உங்கள் பாதைக்கு வருவோம். அல்சூரிலிருந்து டின் ஃபேக்டரி, கே.ஆர்.புரம் தொங்கு பாலம் வழியாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே முள் எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி இழைகள் ரோட்டோரம் பூராவும் கொட்டிக் கிடக்கும், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மழை பெய்தால் கண்ணாடித் தூளும் இந்தக் கம்பியும் அடித்து வரப்பட்டு நாம் ஓட்டுகிற அந்த இடது ஓரத்தில்தான் சேரும், ஈர ரப்பரில் வெட்டும் சுலபமாக விழும். இந்தக் கம்பியின் கெட்ட குணம், டியூபைக் குத்திவிட்டு டயருக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டிப் போட்டுக்கொண்டு போனால் மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். மாதத்துக்கு இரண்டு என்று சொன்னீர்களே, அதில் ஒன்று இப்படி ஒரே கம்பி இரண்டு முறை குத்தியதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டயரின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவாதீர்கள், கிழித்துவிடும், ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து மெதுவாகச் சுற்றித் தடவுங்கள், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டி நிற்கும். புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். டயர் மாட்டும்போது அதன் பெயர் எழுதியிருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள், டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எங்கே தேடுவது என்று உடனே தெரியும்.

மைனஸ் பக்கத்தில் முதல் விஷயம் மாட்டுவது. டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும், ரிம்மை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும், ஒரு குமிழி இருந்தால்கூட அதன் வழியாக ஸ்போக் ஓட்டைக்குள் காற்று போகும். அப்புறம் டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்கார வேண்டும். இதற்கு ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும், சாதாரணத் தரைப் பம்பில் பல நேரம் வராது. வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு, டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிவிட்டு, பெட்ரோல் பங்க் காற்றையோ சின்ன கம்ப்ரஸரையோ வைத்து அடித்தால் "டப், டப்" என்று பட்டாசு மாதிரி உட்காரும். பிரெஸ்டா என்கிற ஒல்லியான சைக்கிள் வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருக்கட்டும், அது இல்லாமல் பங்க்கில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எதுவும் நடக்காவிட்டால் ஒரு டியூபைப் போட்டு இறுக்கமாகக் காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள், காலையில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து டியூபை உருவினால் இன்னொரு பக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும், பாதி வேலை மிச்சம்.

இரண்டாவது, பால் காய்வது. இதுதான் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடும் இடம். இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது காய்ந்துவிடும், வெயிலைப் பொறுத்து, எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, வெயில் சென்னை அளவுக்கு இல்லை, அதனால் நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிறேன். சென்னையில் என் தம்பி இரண்டு மாதத்திலேயே ஊற்ற வேண்டியிருக்கிறது. சைக்கிளை நான்கு மாதம் மூலையில் நிறுத்திவிட்டு டயரைப் பிரித்துப் பார்த்தால், அடியில் பாலாடை மாதிரி ஒரு தோல் படிந்திருக்கும், நடுவில் ரப்பர் தோட்டத்துக்காரர்கள் ஒட்டுப்பால் என்பார்களே, அதே மாதிரி ஒரு உருண்டை உருளும். அதற்கப்புறம் அந்த டயரில் முள் குத்தினால் டியூப் இல்லாத, பாலும் இல்லாத வெறும் மெல்லிய டயர்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். ஊற்றின தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃபிரேமுக்கு அடியில் ஒட்டிவிடுவது என் பழக்கம்.

மூன்றாவது, பால் கைவிடும் நாள். நந்தி தாண்டி சிக்கபள்ளாபுரம் பக்கம் ஒரு உடைந்த பாட்டில், ரோடு சைக்கிளின் பின்டயர் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டு. பக்கவாட்டு வெட்டைப் பால் அடைக்காது. ரப்பர் திரி சொருகினேன், நிற்கவில்லை. சரி, டியூபைப் போட்டுக்கொள்ளலாம் என்று வால்வைக் கழற்றி, கையெல்லாம் பாலாகி, வெட்டுக்கு அடியில் மடித்த பத்து ரூபாய் நோட்டை வைத்து, டியூபை மாட்டிக் காற்றடித்தால், இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிட்டது. காரணம் அப்போதுதான் உறைத்தது: மாதக்கணக்கில் பால் அடைத்து வைத்திருந்த பழைய கம்பிகளும் முட்களும் டயருக்குள் அப்படியே நிற்கின்றன, புது டியூபை அவைதான் குத்தின. டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடுவதற்கு முன் உள்பக்கம் முழுக்கத் தேடி எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும், ரோட்டில் வெயிலில் அது லேசான வேலை இல்லை. தள்ளிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடையில் நின்றேன். ஆம்பூர்க்காரர், நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு அவரே தமிழில் ஆரம்பித்தார். டயரைப் பிரித்ததும், "என்ன சார், உள்ள பாலை ஊத்தி வெச்சிருக்கீங்க?" என்றார். பால் பட்ட டியூபில் சொலூஷன் ஒட்டவில்லை, இரண்டு தடவை கழுவி, துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அப்புறம்தான் பேட்ச் பிடித்தது. அவர் வாங்கினது நாற்பது ரூபாய், நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நாற்பது ரூபாயைச் சேர்த்துத்தான் இந்தக் கேள்வியை நம் ஊரில் யோசிக்க வேண்டும். டியூப்லெஸ் பற்றி ஐரோப்பாவில் எழுதுகிறவர்களுக்கு நம் ஊர் மாதிரி தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை கிடையாது. நமக்கு இருக்கிறது, பழைய மெட்ராஸ் ரோட்டில் நீங்கள் எங்கே நின்றாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு ஆளும் கிடைப்பார்கள். அவருக்கு டியூப் தெரியும். சைக்கிள் டியூப்லெஸ்ஸுக்கு அவரிடம் சாமான் கிடையாது, அது அவர் குற்றமும் இல்லை.

வேகம், எடை பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண பியூட்டைல் டியூபோடு ஒப்பிட்டால் டியூப்லெஸ் கொஞ்சம் லேசாக உருளும், உண்மைதான். ஆனால் இப்போது டிபியு என்று பிளாஸ்டிக் மாதிரி மெல்லிய டியூப்கள் வந்துவிட்டன, ரோடு அளவில் பல டியூப்கள் நாற்பது கிராமுக்குள்தான், டியூப்லெஸ்ஸில் ஊற்றும் பாலே அந்த எடை வந்துவிடும். சில டிபியு டியூப்கள் டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மட்டும்தான், நந்தி இறக்கத்தில் ரிம் பிரேக் சூடு ஏறும், வாங்கும் முன் பெட்டியைப் படியுங்கள். பந்தயக்காரர்கள் எல்லாம் டியூப்லெஸ்தானே என்றால், அவர்களுக்குப் பின்னால் உதிரிச் சக்கரத்தோடு கார் வருகிறது, ராத்திரி மெக்கானிக் பால் ஊற்றுகிறார்.

ஹுக்லெஸ் ரிம் பற்றி எச்சரிக்க வேண்டும். ரிம் ஓரத்தில் டயரைக் கவ்வும் கொக்கி இல்லாத ரிம் இது. இதில் டியூப்லெஸ் டயர் மட்டும்தான் போடலாம், உள்ளே டியூப் போட்டாலும் டயர் டியூப்லெஸ் வகையாகத்தான் இருக்க வேண்டும், அழுத்தம் 5 பாரை, அதாவது 72 பிஎஸ்ஐ-யைத் தாண்டவே கூடாது. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி கெண்ட் என்ற பெல்ஜிய வீரரின் டயர் இப்படிப்பட்ட ரிம்மை விட்டுக் கழன்று அவர் விழுந்தார், அதன் பிறகு பெரிய விவாதமே நடந்தது. பெட்ரோல் பங்க்கில் கண்ணை மூடிக்கொண்டு காற்றடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த ரிம் பக்கமே போகவேண்டாம்.

உங்கள் ஹைப்ரிட்டுக்கு என் யோசனை: இப்போதைக்கு மாற்றாதீர்கள். ரிம்மில் டியூப்லெஸ் ரெடி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. டேப் சுற்றி எந்த ரிம்மையும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. டயர் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் திண்டு இல்லாத ரிம்மில் காற்று குறைந்த நேரத்தில், ஒரு வளைவில், லாரிக்குப் பக்கத்தில் டயர் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், அந்த வேலையே வேண்டாம். சக்கரம், டயர், டேப், வால்வு, பால் எல்லாம் புதிதாக வாங்கும் அளவுக்கு ஆகாது ஒரு நல்ல பஞ்சர் தடுப்பு டயர் போட. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு ரப்பர் அடுக்கு இருக்கிறது, கம்பி அதைத் தாண்டி டியூபைத் தொடுவது கஷ்டம். டயர் ஒரு கிலோவை நெருங்கும், நந்தி ஏற்றத்தில் அந்த எடை தெரியும், நான்கு நாள் ஆபீஸுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு டயர் வாங்க மனசில்லை என்றால் பின்னால் மட்டும் போடுங்கள், எடையும் அங்கேதான், முன்சக்கரம் புரட்டிப் போடும் கம்பி குத்துவதும் பின்சக்கரத்தில்தான்.

நாளைக்கு ஒரு எம்டிபியோ, 40 மில்லிமீட்டருக்கு மேல் டயர் போட்ட, மண் ரோட்டிலும் ஓட்டக்கூடிய கிராவல் சைக்கிளோ வாங்கினால் அப்போது யோசிக்கவே வேண்டாம், முதல் நாளே டியூபை உருவிவிட்டுப் பாலை ஊற்றுங்கள்.

அதுவரைக்கும், அடுத்த பஞ்சர் ஆகும்போது டியூபைத் தூக்கிப் போடாமல் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரே ஓட்டை என்றால் கம்பியோ கண்ணாடியோ. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் காற்று பத்தவில்லை, வாரம் ஒரு தடவை அடித்தாலே போதும். ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் ஓட்டையின் விளிம்பு அறுக்கிறது, டயரை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. எது என்று எழுதுங்கள், ரிம்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.